சம்பந்தம் பார்க்கப் போய் ஃப்ரிட்ஜ் பார்த்தது

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் மானத்தைத் தவிர அனைவரும் நலம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மூத்த மகள், நம் பெரியவள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதும், அவன் வீட்டார் குடும்பமாக இத்தாலியச் சாப்பாட்டுக் கடை நடத்துவதும் உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் சந்திப்பதாக ஏற்பாடு. சொல்லிவிட்டுப் போனால் யாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று, நான் வெள்ளிக்கிழமையே ஒருவரிடமும் மூச்சுவிடாமல் போனேன். முன்பக்கம் சீஸ், ஆலிவ், உப்பிட்ட இறைச்சி எல்லாம் நிறுத்து விற்கிறார்கள். பின்பக்கம் சாப்பாட்டு மேசைகள். பையனின் அப்பா இயந்திரத்தில் இறைச்சி சீவிக்கொண்டிருந்தார். சீவிய துண்டைத் தூக்கிப் பிடித்தால் எதிர்ச்சுவர் தெரிகிறது, அத்தான். கை இறுக்கமான மனிதர் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அதற்குள் பையனின் அம்மா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "இப்பதான் வழி தெரிஞ்சுதா? காலையிலேர்ந்து சீஸெல்லாம் வேர்த்துக் கொட்டுது," என்று என்னைச் சீஸ் வைத்திருந்த கண்ணாடி ஃப்ரிட்ஜ் பெட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் என்று நினைத்துவிட்டார். நான் மெக்கானிக் இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பார். வேவு பார்க்க வந்த சம்பந்தி என்றா சொல்வது? பிளக்கைப் பிடுங்கி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி செருகினேன். பெட்டி ஒரு உறுமல் உறுமி ஓடத் தொடங்கியது. அந்த அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று மேசையில் உட்காரவைத்து, பாஸ்தாவை மலையாகக் குவித்தார். முள்கரண்டியில் சுற்றச் சுற்ற நீள்கிறதே தவிர முடிவதாக இல்லை. ஒரு முனை வாயிலும் மறுமுனை தட்டிலுமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, ஒருவன் டூல்ஸ் பையோடு வந்து, "ஃப்ரிட்ஜ் ஓடலன்னு போன் பண்ணீங்களே," என்றான்.

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அப்ப நீங்க யாரு?" என்றார் பையனின் அப்பா, கையில் கத்தியோடு. வாய் நிறையப் பாஸ்தா. அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து ஏப்ரன் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள் நம் பெரியவள். ஆபீசில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனவள். என்னைப் பார்த்தாள், சற்றும் அசரவில்லை. "அத்தை, இவர்தான் எங்கப்பா. முழுங்கி முடிக்கட்டும், அப்புறம் பேசுவார்," என்றாள். அத்தையாம், இப்போதே. நம் வீட்டில் ஒரு டம்ளர் கழுவ மாட்டாள். அங்கே நெற்றி வியர்க்க நின்றாலும் முகத்தில் அப்படி ஒரு களை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆனாலும், மெக்கானிக்குக்கும் சம்பந்திக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் பெண் கொடுப்பதாக இல்லை. நீங்களே அவளைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கல்யாணத்தைப் பேசி முடித்தாயிற்று. நான்தான் முதலில் சரி என்றேன். "இவ்வளவு நல்ல சம்பந்தத்த யாரு பாத்துக் குடுத்தது?" என்று நம் உறவுக்காரர்கள் துளைத்தெடுத்தார்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். இனி அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் உங்களைத்தான் கேட்பார்கள்.