பாய்லர் ஏன் கத்துகிறது?

புரொஜெக்டரைப் போட்டு, சுவரில் படம் தெரிந்த பிறகுதான் அவள் கவனித்தாள். படம் மாறிவிட்டது.

தொழிற்சாலை பாய்லரை இயக்கப்போகும் மென்பொருள் எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று வட்டங்களும் அம்புகளுமாக வரைந்து காட்டுவதுதான் அவள் வேலை. அந்தப் படம் பத்திரமாகக் கணினிக்குள் இருந்தது. சுவரில் பளிச்சென்று தெரிந்ததோ, பொழுது போகாத ஒரு மதியம் தோழிக்காக வரைந்தது. மேனேஜர் எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வார் என்ற படம். நல்லவேளை, தலைப்பு வைக்கவில்லை.

அந்த மேனேஜர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன அவளை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் முன்னால் கிடந்தது. இந்தக் கூட்டம் ஒழுங்காக முடிந்தால் கையெழுத்து.

எதிரே தொழிற்சாலை முதலாளியும், அவரிடம் பல வருடமாகக் கணக்காளராக இருக்கும் ஒரு அம்மாவும்.

"முதல் வட்டம் 'சும்மா இருத்தல்'. அங்கேருந்து நேரா 'கத்தல்'. நடுவுல ஒரு காரணமும் காணோமே?" என்றார் முதலாளி.

"ஆவி வெளியேறுற சத்தம் சார். காரணம் வேண்டியதில்லை."

மேனேஜர் முகம் சுளித்தார். "காரணமே இல்லாம ஒரு மெஷின் கத்துமா? என்னம்மா இது?"

முதலாளிக்கு இருமல் வந்தது. கணக்காளர் அம்மா தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கத்தினப்புறம் 'டீ'ன்னு இருக்கே?"

"குளிர வைக்கிற திரவம் சார். நாங்க செல்லமா அப்படிச் சொல்லுவோம்."

"அது வர லேட்டானா?"

"திரும்பக் கத்தும்."

"மேலிடத்துலேருந்து போன் வந்தா 'குழைதல்'?"

"மேலேருந்து அழுத்தம் வந்தா இரும்பும் கொஞ்சம் இளகும் சார்."

தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு அவளுக்கே கூசியது. மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. மேசையை ஓங்கித் தட்டினார்.

"இப்படி ஒரு சனியனை நானா இருந்தா முதல் நாளே தூக்கிப் போட்டிருப்பேன்! எங்கே டீ? சொல்லி எவ்வளவு நேரமாச்சு!"

முதலாளியின் பார்வை சுவரிலிருந்த அம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. டீ வந்தது. மேனேஜர் அடங்கினார்.

"ரொம்பத் துல்லியம்," என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு அம்பைக்கூட மாத்தாதீங்க. எனக்குச் சம்மதம்."

"எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான் சார்!" என்று மேனேஜர் குழைந்தார். அதே வேகத்தில் அவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதலாளியை வழியனுப்ப லிஃப்ட் வரை ஓடினார்.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே பயமும் வந்தது. இந்தப் படத்தை நம்பி பாய்லரை ஓட்டினால் அங்கே வேலை செய்கிறவர்கள் கதி என்ன? வேலை போனாலும் பரவாயில்லை என்று கணக்காளர் அம்மாவிடம் போனாள்.

"மேடம், ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. அந்தப் படம் வந்து..."

கணக்காளர் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முதுகில் தட்டினார்.

"பாய்லர் படத்தை நாளைக்கு அனுப்பு, போதும். இந்தப் படம் மட்டும் உங்க மேனேஜர் முன்னாடி எங்ககிட்ட மேனேஜரா இருந்தப்பவே கிடைச்சிருந்தா, நாங்க எவ்வளவு நிம்மதியா இருந்திருப்போம் தெரியுமா?"