தொலையாத கடிதம்

கொழும்பில் ஐந்து நிமிடத்தை அரை நாளாக நீட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த, துறைமுகச் சரக்குகளை விடுவித்துத் தரும் கிளியரிங் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘ஐஞ்சு நிமிசம்’. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஒரு நாள் ஒரு பத்திரத்தைப் பிரதி எடுக்க எழுந்தார். போகிற வழியில் சுவர்க் கடிகாரம் நின்றிருப்பதைக் கண்டார். பேட்டரி வாங்கக் கடைக்குப் போனார். கடைக்காரரின் மின்விசிறி கிறீச்சிட்டது, அதைக் கழற்றிப் பூட்டினார். மூன்று மணிக்கு ஒரு பலாப்பழத்தோடு திரும்பினார். பேட்டரி வாங்கவில்லை. பத்திரம் காலையிலிருந்து மெஷினுக்குள் குப்புறக் கிடந்தது.

இன்னொரு நாள், முதலாளி ஹாஜியார் பின்னறையில் லுஹர் தொழுதுகொண்டிருக்க, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று நினைத்து ஐஞ்சு நிமிசம் வெளியே பூட்டிவிட்டுப் போனார். ஹாஜியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போன த்ரீவீலர்காரர்களை எல்லாம் “மல்லி, மல்லி” என்று சிங்களத்தில் தம்பி போட்டு அழைத்தார். ஒருவர் வாடகை பேசிவிட்டுப் போனார்.

எங்கள் அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் தந்தால் பிரதியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி மூன்று சேர்ந்தால் வேலை போய்விடும். பதினாறு வருட வேலை, வீட்டில் படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள், ஐஞ்சு நிமிசம் நடுங்கத்தான் செய்தார். ஆனால் முதல் கடிதத்தை பஸ்ஸில் விட்டார். இரண்டாவது அவருடைய மேசைக்குள் போய் மறைந்தது. மூன்றாவதை ஒரு கொண்டெய்னரின் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டார். வெள்ளைப்பூடு இறக்குமதி செய்யும் வியாபாரி, இதுவும் ஏதோ படிவம் என்று நினைத்து, கையெழுத்துப் போட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். அலுவலகக் கணக்கின்படி எச்சரிக்கப்பட்டவர் அந்த வியாபாரிதான்.

ஹாஜியார் களைத்துப் போனார். “ரெண்டு கிழமை லீவுல போங்க. நீங்க வராம இருந்தா அதே பெரிய ஒதவி” என்றார். ஐஞ்சு நிமிசம் அதுவரை லீவு எடுத்ததே இல்லை. தான் இல்லாத நேரத்தில் யாராவது மேசை லாச்சியைத் திறந்தால் வண்டவாளம் வெளியாகிவிடும் என்று பயம். அவர் போன கையோடு, மூன்று கையெழுத்தும் சேராமலே வேலைநீக்கக் கடிதம் தயாரானது. நானும் வெள்ளவத்தைவாசி என்பதால், இரண்டு வார லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கையெழுத்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “அவர்ட கையில குடுத்துட்டு மட்டும் வர வாணாம் மகள், கையெழுத்தோட கொண்டு வாங்க” என்று ஹாஜியார் இரண்டு தடவை சொன்னார்.

ஃப்ளாட்டில் அவர் இல்லை. கடற்கரைக்குப் போயிருப்பதாக மனைவி சொன்னார். “தங்கச்சி, நம்புவியளோ? இந்த மனிசன் ஒரு தேத்தண்ணியை முழுசாக் குடிச்சு முடிச்சதை இப்பதான் பாக்கிறன்.”

ரயில் பாதையைக் கடந்து போனால், கல்லில் அசையாமல் இருந்தார். அந்த மனிதர் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. முதல் இரண்டு நாள் பழக்க தோஷத்தில் அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்றாராம். மூன்றாம் நாளிலிருந்து காலையில் தெஹிவளை வரை நடந்து போய்த் திரும்புவது. வந்ததும் ஒரே ஒரு வேலை. ஒழுகிய குழாய், மகளின் சைக்கிள், வருடக்கணக்காகப் பாதியில் கிடந்த எல்லாம் முடிந்துவிட்டதாம். மனைவி டாக்டரிடமும் கூட்டிப் போயிருக்கிறார்.

“கவனம் ஒரு இடத்தில நிக்காததுக்கு ஏடிஎச்டி எண்டு ஒரு பேர் இருக்காம், தங்கச்சி. நாப்பத்தாறு வயசு மட்டும் நான் என்னை ஒரு உதவாக்கரை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

கடிதம் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஃபோனும் ஆக்களின்ர சத்தமும் இல்லாமல் இருந்து பாத்தாப் பிறகுதான் என்ர தலை எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கினது. நடந்தா ஓடுது, இருந்தா நிண்டிடுது. என்னை ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்டுக்கு மாத்தச் சொல்லி ஹாஜியாரிட்டக் கேப்பியளோ?” பிறகு என் பையைப் பார்த்தார். “ஏதோ தர வந்தனீங்கள் போல?”

“ஒண்டுமில்லை அண்ணை. சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்.”

மறுநாள் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, கடிதத்தை ரயிலில் தொலைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் “இந்த வருத்தம் ஆளுக்காள் தொத்துமா மகள்?” என்று கேட்டுவிட்டு, யார்டுக்கு ஃபோன் போட்டார்.

இப்போது ஒருகொடவத்தையில் எந்தக் கொண்டெய்னர் எந்த மூலையில் நிற்கிறது என்று கேட்டால், ஐஞ்சு நிமிசம் நடந்துகொண்டே சொல்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஹாஜியாரே அவரை லீவில் துரத்திவிடுகிறார். போன வாரம் ஃபோனில் பேசும்போது, ஐந்து நிமிடத்தில் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை.

அந்தக் கடிதம் என் லாச்சியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஐஞ்சு நிமிசத்துக்காக, அவர் வாழ்க்கையில் ஒரு பொருளையாவது தொலையாமல் வைத்திருக்க எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.