செவுள் திறக்காத வஞ்சிரம்

மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே வீட்டில் யாராவது சிரித்துவிடுகிறார்கள்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஆனால் மீனைப் பார்க்க எங்கப்பா அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார். கண் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கணும். நாற்றம் வரக்கூடாது. விரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்கணும். பிடித்துக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தால் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருக்கும், செவுள்கூட லேசில் திறக்காது. (அப்பா இதைச் சொல்லும்போது என் காதைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார். மீன் செவுள் என்றாலே இன்றைக்கும் எனக்குக் காது வலிக்கும். அது கிடக்கட்டும்.)

என் மகள் செல்விக்குச் சென்னையில் ஒரு இடம் வந்தது. பையன் பாலாஜி, கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மா ராயப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், பிடித்திருந்தது. ஆனால் முடிவான வார்த்தையை அந்தம்மா சொல்லவில்லை. "பொண்ணப் பாத்துட்டேன். பொண்ணோட அப்பனயும் ஒரு நாள் பாக்கணும்" என்று எங்களை மயிலாப்பூருக்கு வரச் சொன்னார். கோயில் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டோடு பேசி முடிக்கலாமாம். ஏற்கெனவே இரண்டு இடத்தை, பெண்ணின் அப்பன் சரியில்லை என்று தட்டிவிட்டவர் என்று தரகர் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் என் மனைவி தனம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வாயத் தொறக்காத."

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், பாலாஜி சிநேகிதனிடம் வாங்கிவந்த காரில் ஏறினோம். அந்தம்மா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "நீங்க விருந்தாளி. எந்த ஓட்டலுன்னு நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துக் கூட்டிப் போர்டைப் படிப்பதற்குள் ஹோட்டல் தாண்டிப் போய்விடும். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். சமைப்பதற்கு முன்னால் மீனைப் பார்ப்பது.

மயிலாப்பூர் ஹோட்டலில் கல்லாக்காரர், "மீனு கொழம்புல கீது பெரியவரே, செவுளு குப்பையில கீது. எத்தப் பாக்கறீங்க?" என்றார். வெளியே வந்துவிட்டேன்.

தி.நகரில் பின்கட்டு வழியாக உள்ளே விட்டார்கள். சங்கரா மீன். செவுளைத் தூக்கினேன், காப்பிக் கலர். அதைச் சத்தமில்லாமல் சொல்லியிருக்கலாம். (கடலில் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.) சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் வறுவலை அப்படியே தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். நாங்கள் போகலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது சைவ ஹோட்டல். குறை சொல்ல அங்கே ஒன்றும் கிடைக்காததால் திரும்பிவிட்டேன்.

திரும்பவும் காரில் ஏறினோம். தனம் என் தொடையைக் கிள்ளியபடியே வந்தாள். செல்வி ஊரிலிருந்து போன் செய்து, "அப்பா ஒண்ணும் பேசலயே?" என்று கேட்டாள். "இன்னும் சாப்பிடவே இல்லடி" என்றாள் தனம். அந்தம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடையாறில்தான் அதைப் பார்த்தேன். ஹோட்டல் வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு சின்னப் படகு, படகு நிறைய ஐஸ், ஐஸின் மேல் முழு வஞ்சிரம். பக்கத்தில் ஒரு அட்டையில் என்னவோ எழுதியிருந்தது. விலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். (எனக்கு அப்போது கண்ணில் புரை வேறு. ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். உப்புத் தண்ணி படப் படச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டிருந்தேன்.)

குனிந்து பார்த்தேன். கண் பளபளவென்று இருந்தது. முகர்ந்தேன், நாற்றமே இல்லை. அமுக்கினேன், குழி விழவில்லை. செவுளைத் தூக்கினேன், திறக்கவே இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"சம்பந்தி, இங்க வாங்க! வெறப்பு இன்னும் விடல பாருங்க. கரைக்கு வந்து ஒரு மணி நேரம் இருக்காது. என் வயசுக்கு இப்படி ஒரு மீனப் பாத்ததில்ல!"

அந்தம்மா வந்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, எங்கப்பா சொன்ன பாடம் முழுவதையும் அங்கேயே நின்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மார்க்கெட்டில் மீன் விற்கிறவருக்கு.

உள்ளே உட்கார்ந்ததும் சர்வரிடம், "வாசல்ல படுத்திருக்கே, அதையே அறுத்து வறுத்துக் கொண்டா. தலை சம்பந்திக்கு" என்றேன்.

"ஐயா, அது ஷோவுக்கு வெச்சது."

"ஷோவுக்கு வெச்சா என்ன? மீனு மீனுதான?"

சூப்பர்வைசர் வந்தார். "ஐயா, அது ரப்பரு. ஐஸும் கண்ணாடி."

"யாருகிட்ட சொல்றீங்க? நான் கடல்ல பொறந்தவன்" என்று எழுந்து போய் மீனை இரண்டு கையாலும் தூக்கினேன். நல்ல கனம் இருக்கும் என்று இடுப்பை வளைத்துத் தூக்கியதில், மீன் தலைக்கு மேலே போய்விட்டது. முருங்கைக்காய் கனம்தான் இருந்தது. வயிற்றிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. வாயில் சின்ன விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தனம் தலையில் கைவைத்திருந்தாள். பாலாஜி மேஜைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தான், முதுகு மட்டும் குலுங்கியது. போச்சு, மூன்றாவது அப்பன் நான்தான் என்று நினைத்தேன். செல்விக்கு என்ன பதில் சொல்வது?

"உங்களுக்குத் தெரியுமா அது ரப்பருன்னு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாசப்படியிலயே தெரியும்" என்றார் அந்தம்மா.

"சொல்லியிருக்கலாமே?"

"மூணு ஓட்டலா பசியோட சுத்துனேன். நாலாவதுலதான் சிரிப்பு வந்துச்சு. அத்த ஏன் கெடுப்பானேன்?" என்றவர், மகனைப் பார்த்துச் சொன்னார். "டேய், முன்ன வந்தானுங்களே ரெண்டு பேரு, ஊட்டுல இன்னா கீது, இன்னா இல்லன்னு நொட்ட சொல்லிக்கினே இருந்தானுங்க. இந்தாளு ரப்பர் மீனையே ஒரு கொறை சொல்லாம தலைமேல தூக்கி வெச்சிக்கினாரு. அத்தோட நீ தேவலாம்டா. உங்கிட்ட இன்னா குத்தம் கண்டுபுடிக்கப் போறாரு? தேதியப் பாரு."

அன்று நாங்கள் சாப்பிட்டது முட்டை தோசை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டில் புடவை, பூ, பழத்தோடு, மஞ்சள் குங்குமம் வைத்த ஒரு ரப்பர் வஞ்சிரமும் வந்தது. எங்கே தேடிப் பிடித்தார்களோ. நான் எப்போது சென்னை போனாலும் சம்பந்தியம்மா குழம்பை வைத்துவிட்டு, "செவுளு தொறக்குதான்னு பாத்துட்டு சாப்பிடுங்க" என்பார். தலை நிமிராமல் சாப்பிடுவேன்.

அந்த ரப்பர் மீன் இப்போது அவர்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். எனக்கும் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. போன தடவை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதை எடுத்து நன்றாகப் பார்த்தேன். கண் தெளிவு. நாற்றம் இல்லை. அமுக்கினால் குழி விழவில்லை.

நான் சொன்னதில் என்ன தப்பு?