பச்சை உருளைக்கிழங்கும் பெண் வீட்டாரும்

பெருமை பிடித்தவர்கள் உருளைக்கிழங்கு பயிரிடக் கூடாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கத்தரிக்காய் வைத்தால் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். சுரைக்கொடியை இரும்புக் கேட்டின் மேல் ஏற்றிவிட்டால் காயே வாசலில் நின்று ஆள் கூப்பிடும். உருளை அப்படியா? நாம் பட்ட பாட்டையெல்லாம் ஊருக்குத் தெரியாமல் மண்ணுக்குள் அமுக்கி வைத்துவிடும். மேலே பார்த்தால் வெறும் தழை.

ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டாலும் எங்கள் வாசலில் மட்டும் இன்னும் கொஞ்சம் மண் மிச்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச மண்ணை வைத்துக்கொண்டு நான் காட்டிய தலைக்கனம் கொஞ்சமில்லை. ஒரு கார்த்திகையில், மழை விட்டிருந்த சமயம், சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த உருளைகளைத் துண்டு போட்டு ஊன்றினேன். பக்கத்து வீட்டு மும்தாஜ் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, உருளையா? அதெல்லாம் ஊட்டி மலைலேர்ந்து வர்ற சாமானாச்சே. நம்ம வெய்யிலுக்கு வருமா?"

அவ்வளவுதான். அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் தண்ணீர் ஊற்றக்கூட மறந்திருப்பேன்.

என் மகன் செந்தில் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். ஒருவர் இந்தியில் பேசினார். கீழே தமிழ் எழுத்து ஓடியது. (ஒரு வரியை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அந்த ஆள் அறுவடையே முடித்துவிட்டார்.) செடி வளர வளர மண்ணை அள்ளி அள்ளி அடியில் அணைத்துக்கொண்டே இருந்தார். பாவம், வீட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தேன். பாக்கு அளவில் கிழங்கு! மும்தாஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். பால் போடுகிறவருக்குக் காட்டினேன். சிலிண்டர் கொண்டுவந்தவரை, தோளில் சிலிண்டரோடு நிறுத்தி வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் தோண்டி மூடுவது அலுப்பாக இருந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மூடினால்தானே தோண்ட வேண்டும்?

மேல்மண்ணை மொத்தமாக விலக்கிவிட்டேன். கிழங்கெல்லாம் வேரோடு ஒட்டிக்கொண்டு, பிரசவ வார்டில் வரிசையாகப் போட்ட குழந்தைகள் மாதிரி வெயிலில் கிடந்தன. தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கு மண்ணை எடுத்தேன். தெருவே வந்து பார்த்தது. கிழங்குகளும் கூச்சமில்லாமல் வளர்ந்தன. வளர வளரப் பச்சையாயின.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னாடி இது, பச்சைப்பசேல்னு கீது? கெட்டுப்பூட்ச்சா?"

"பச்ச மொளகா பச்சையாத்தான் கீது. அவரக்கா பச்சையாத்தான் கீது. அதெல்லாம் கெட்டா பூட்ச்சு? கடைல விக்கிறது பழசு, அதான் பழுப்பா கீது. இது இப்போ பொறந்தது!"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னோடு குடும்பம் நடத்திய அனுபவம்.

அந்த நேரத்தில்தான் செந்திலுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பெண் கயல்விழி, அவனோடு வேலை செய்கிறவள். அவர்கள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருப்பவர்கள். படித்தவர்கள்.

செந்தில் என்னிடம் கெஞ்சினான். "அம்மா, கேசரி, காபி, அத்தோட வுட்டுடு. நீ எதுனா பண்ணி அவங்களுக்குப் புடிக்காம போச்சுன்னா, அப்புறம் கயல் சொன்னாக்கூட கேக்க மாட்டாங்க."

"கேசரி எந்த ஊட்லயும் கெடைக்கும்டா. இது மண்ணு கீற ஊடுன்னு அவங்களுக்குத் தெரிய வாணாவா?"

பூரியும் கிழங்கும் செய்தேன். தோலைச் சீவவில்லை. சீவினால் பச்சை போய்விடும். கடையில் வாங்கியது என்று நினைத்துவிடுவார்களே! தோலோடு நறுக்கி, வேகவைத்து, தாளித்து, முதல் வெள்ளாமை என்பதால் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சாமிக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. (சாமியாவது ஒரு ஜாடை காட்டியிருக்கலாம்.)

வந்தார்கள். தோட்டம் பார்த்தார்கள். செந்திலையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்து எல்லாரையும் உட்கார வைத்துப் பரிமாறினேன். பெரியப்பா முதல் வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். பிறகு யோசித்து யோசித்து மென்றார்.

"ஏம்மா, இதுல பாகற்காய் ஏதாச்சும் சேர்த்திருக்கீங்களா?"

"அய்யே, இல்லீங்க! முச்சூடும் உருளதான். நம்ம ஊட்டு உருள!"

"அப்படிங்களா... இந்த மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்லைங்க."

இன்னொரு கரண்டி வைத்தேன். பெண்ணின் அப்பா தண்ணீர் கேட்டார். மறுபடியும் கேட்டார். சொம்பையே பக்கத்தில் வைத்தேன். பெண்ணின் அம்மா பூரியைக் கிழங்கு வரைக்கும் கொண்டுபோய், அதன்மேல் படாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில் புருவத்தால் என்னென்னவோ சொன்னான். மாப்பிள்ளை வெட்கம் என்று நினைத்து அவனுக்கும் ஒரு கரண்டி போட்டேன்.

கடைசியில் பெண்ணின் அம்மா மெதுவாக, "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்றார்.

எவ்வளவு பண்பான மனுஷி! மனம் குளிர்ந்துபோய், பெரிய வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கசப்பா அது? நாக்கில் ஏறி, தொண்டையைச் சுரண்டிக்கொண்டு, காது வழியாக வெளியே போகப் பார்த்தது. துப்ப முடியாது, எதிரே சம்பந்தி வீட்டார். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் முட்ட விழுங்கினேன். தப்புதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றேன்.

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மாதான். கையிலிருந்த பூரி கீழே விழுந்தது. அடுத்து பெரியப்பா, அவருக்குப் புரையேறி, அவர் முதுகைத் தட்டப்போன பெண்ணின் அப்பா சொம்பைத் தட்டிவிட்டார். சத்தம் கேட்டு மும்தாஜ் மதில்மேல் முளைத்தாள். "இன்னாக்கா, கல்யாணம் முடிவாயிடுச்சா?"

சிரிப்பு அடங்கியதும் வயிறுகள் பேச ஆரம்பித்தன. செந்தில் போனில் தேடிப் படித்துவிட்டு, பச்சை உருளை விஷமாம் என்றான், முகம் வெளுத்து. அவர்கள் வந்த காரிலேயே எல்லாரும் நசுங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம்.

"யாரு சமைச்சது?" என்று கேட்டார் டாக்டரம்மா. எல்லா விரல்களும் என்னைக் காட்டின. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் காட்டினார்.

"வெயில் பட்டுப் பச்சையான கிழங்கைச் சாப்பிடவே கூடாதும்மா. மண்ணுக்குள்ள இருக்கறதை எதுக்கு வெளியே எடுத்து விட்டீங்க?"

"எல்லாரும் பாக்கட்டும்னுதான் டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு, யாரும் அதிகம் சாப்பிடவில்லை, பயமில்லை என்று சொல்லி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து உட்கார வைத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. எதிரே செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் கேட்டு அடம்பிடிக்காத பிள்ளை. அவன் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். அதற்கு நான் விஷம் வைத்துவிட்டேன்.

பெண்ணின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க. எங்க கயலுக்குச் சமைக்கவே தெரியாது. அவ வெந்நீர் வெச்சாக்கூட அடிபிடிக்கும். உங்க பையன் வேற, எங்கம்மா சமையல்ல கெட்டிக்காரங்கன்னு சொல்லியிருந்தாரு. இந்த வீட்ல இவ எப்படிக் காலம் தள்ளுவாளோன்னு நேத்து பூரா எனக்குத் தூக்கமே இல்லை." கரைசலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இப்போ அந்தப் பயம் சுத்தமா போயிடுச்சு."

"நாள் பார்த்துடலாம்" என்றார் பெரியப்பா, வயிற்றைப் பிடித்தபடி. "சாப்பாடு மட்டும் எங்க பொறுப்பு."

செந்தில் அழுதானா சிரித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் வரிசைத் தட்டுகளை அடுக்கினார்கள். பழம், பூ, புடவை, ஸ்வீட். ஓரத்தில் ஒரு தட்டு மட்டும் பட்டுத்துணியால் இறுக்கி மூடியிருந்தது. நகையாக்கும் என்று எல்லாருக்கும் முன்னால் ஆசையாகத் திறந்தேன். கோபுரமாக அடுக்கிய உருளைக்கிழங்கு!

"வெயில் படக்கூடாதுன்னு மூடி எடுத்தாந்தோம் சம்பந்தி" என்றார் கயலின் அம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மண்டபமே அதிர்ந்தது.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும் அந்தத் தட்டு வரும். கல்யாணத்துக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது. புதிதாகக் கேட்பவர்களிடம் என் வீட்டுக்காரர், "எங்க குல வழக்கம்" என்று விறைப்பாகச் சொல்லிவிடுவார்.

போன தை மாதம் பருத்திப்பட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். எங்களுக்கு உறவுகூட இல்லை, பழக்கம்தான். வரிசையில் ஒரு தட்டு மூடியிருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு.

"இது இன்னாத்துக்கும்மா?" என்று அந்த வீட்டுப் பெரியம்மாவைக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுகூட தெரியாதா? காலங்காலமா வெக்கிறதாச்சே. கெழங்கு மாதிரி வம்சம் தழைக்கணும்னு ஐதீகம்."

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. துணியை மட்டும் நன்றாக இழுத்து விட்டேன்.

"கெட்டியா மூடி வைம்மா" என்றேன். "வெய்யில் படக்கூடாது. அதான் ஐதீகம்."