ஆண்டுக்குக் கீழே பார்ப்பவர்

வெள்ளைப் பருத்திக் கையுறைக்குள் இரண்டு கைகள். ஒன்று கறுப்பு பஞ்சு அட்டையை அழுத்திப் பிடித்திருக்கிறது. மற்றது பிளேடால் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டி முடித்து, ஒரு ரூபாய் காசை எடுத்துக் குழியில் வைத்துப் பார்க்கிறது. இறுக்கம். ஓரத்தை மயிரிழை அளவு சீவுகிறது. மறுபடி வைத்தால் தளர்வு. அட்டை பாழ். புது அட்டை வருகிறது. "சோறு ஆறிப்போவுது" என்று உள்ளேயிருந்து ஒரு குரலும் வருகிறது. கைகளுக்குக் காது கிடையாது.

இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஒரு தனி இனத்தைச் சேர்ந்தவர். அந்த இனத்துக்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நாமே வைத்துவிடுவோம்: ஆண்டுக்குக் கீழே பார்ப்பவர். நீங்கள் ஒரு காசைக் கையில் வாங்கினால் அது ஒரு ரூபாயா, இரண்டு ரூபாயா என்று பார்த்துப் பையில் போட்டுக்கொள்வீர்கள். இவர் அதில் அடித்திருக்கும் ஆண்டைத் தேடிப்பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆண்டுக்குக் கீழே பார்ப்பார். அங்கே கடுகைவிடச் சின்னதாக ஒரு குறி இருக்கும். நட்சத்திரம் என்றால் ஐதராபாத்தில் அடித்தது. புள்ளி என்றால் நொய்டா. டைமண்டு என்றால் மும்பை. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒன்றுமே இல்லாத இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து "ஆகா" என்று சொல்லத் தெரிந்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

இவரை எங்கே பார்க்கலாம்? நீங்கள் ஏற்கனவே பார்த்திருக்கிறீர்கள். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையை வாங்கிக்கொண்டு, படியிலேயே நின்று அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிக் காட்டி, பின்னால் ஏறுகிறவர்களின் கூடை, மூட்டை, கோழி எல்லாம் முதுகில் இடிக்க இடிக்க அசையாமல் நிற்பாரே, அவர்தான். சாவு வீட்டிலும் பார்க்கலாம். மாலையைப் போட்டுவிட்டு, பெரியவரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் காசை நோக்கிக் குனிவார். வெகுநேரம் நிமிரமாட்டார். துக்கம் தாங்கவில்லை என்று நாலு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்துவார்கள். "ஐதராபாத்து" என்று பெருமூச்சு விடுவார்.

"ஆமாங்க, பெரிய பையன் அங்கதான் வேல செய்றான். வந்துக்கினு இருக்கான்" என்பார்கள் வீட்டார்.

நம்முடைய ஆளின் பெயர் காசிநாதன். சங்கராபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். செம்புக் கம்பியை ஒரு சுற்று கூடாமல் குறையாமல் சுற்றுகிற கை. அந்தக் கைக்கு ஓய்வு நேரத்தில் வேறென்ன வேலை தோன்றும்? முதலில் சில்லறைக் காசில் ஆரம்பித்தார். பிறகு புரூஃப் செட்டுக்குப் போனார். செலவழிப்பதற்கில்லாமல், சேகரிக்கிறவர்களுக்கென்றே முகம் பார்க்கும் கண்ணாடிபோல மெருகோடு அடித்து, பெட்டியில் வைத்து விற்கும் காசுகள் அவை. ஒரு விரல் பட்டால் போதும், ரேகை விழுந்துவிடும். ரேகை விழுந்தால் மதிப்பு விழுந்துவிடும். ஆகவே இந்த இனத்துக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு: சீல் வைத்த பாக்கெட்டைப் பிரிக்காதே. கடைக்கு மோட்டார் கொண்டுவரும் கரும்பு விவசாயிகளுக்குக்கூட காசிநாதன் இதை உபதேசித்திருக்கிறார். "பிரிச்சா போச்சு. பிரிக்காம உள்ள இருக்குது பாரு, அதான் பொருளு." அவர்களோ, இவர் மோட்டாரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்து, இனிமேல் பிரிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போவார்கள்.

மும்பையில் அடிக்கும் புரூஃப் காசில் டைமண்டு இருக்காது. அதற்குப் பதிலாக 'எம்' என்ற எழுத்து இருக்கும். இது இந்த இனத்தின் குழந்தைக்கும் தெரியும். ஆனால் புரூஃப் பெட்டிக்குள்ளேயே தவறிப்போய் டைமண்டு குறியோடு ஒரு ரூபாய் இருக்கிறது என்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு. பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு.

காசிநாதன் அந்தப் பஞ்சு அட்டையில் காசுத் தட்டு செய்துகொண்டிருந்தது கள்ளக்குறிச்சியில் குழு நடத்தப்போகும் காசுக் கண்காட்சிக்காக. அன்றைக்குத்தான் தபாலில் ஒரு பழைய செட் வந்திருந்தது. வழியிலேயே மூடி உடைந்து, சீலும் கிழிந்து வந்தது. அதனால்தான் காசுகளை வெளியே எடுத்து ஃபிளானல் துணியில் பரப்பினார், இல்லாவிட்டால் தொட்டிருப்பாரா? வெறும் கண்ணால் ஒரு ரூபாயைப் பார்த்தார். ஆண்டுக்குக் கீழே என்னவோ நாலு மூலையாகத் தெரிந்தது. எம்மா? டைமண்டா? முதலில் போனை எடுத்துக் குழுவில் "கிடைத்துவிட்டது" என்று போட்டார். அதற்குப் பிறகுதான் லென்சுக்குக் கை நீட்டினார். இந்த இனத்தில் இப்படித்தான் வரிசை.

லென்ஸ் கண்ணுக்குப் போவதற்குள் போன் அடித்தது. மகள் எழில்மதிக்கு நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டதாம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்களாம்.

மனைவி நிர்மலா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவள் பிறந்த வீட்டுத் தெய்வம் கல்வராயன் மலைமேல் இருக்கும் அம்மன். "தாயே, ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடு" என்று சொல்லி, கண்ணில் பட்ட ஒரு ரூபாயை வாரி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். வாரி எடுத்தது எதை என்று சொல்லவும் வேண்டுமா? குழியில் கிடந்த சாதாரண ரூபாய் அப்படியே கிடந்தது. ஃபிளானல் துணியில் ஓர் இடம் காலி.

காசிநாதனுடைய கண் முதலில் அந்தக் காலி இடத்துக்குத்தான் போனது. நாம் அவரைக் குறை சொல்லக் கூடாது. கையுறையோடேயே வண்டியை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். கையுறையைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிறவர் என்று நினைத்து ஒரு நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னாள். தள்ளினார். சாயங்காலம் பேத்தி பிறந்தாள். சிறிய உருவம், நல்ல குரல். கையில் கொடுத்தார்கள். விரல் பதியாமல் ஓரங்களைப் பிடித்து வாங்கினார். முகத்தைப் பார்த்தார், கண் கலங்கியது. பிறகு பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

வீடு திரும்பியதும் ஆரம்பித்தது.

"நிம்மி, அந்த முடிச்ச ஒரே ஒரு தடவ அவுத்து..."

"இன்னாங்க பேசறீங்க? சாமிக்கு முடிஞ்சத அவுக்கறதா?"

"அதுக்குப் பதிலா புத்தம் புது பத்து ரூபா காசு வெச்சிடறேன். சாமிக்கு ஜாஸ்திதான கெடைக்குது?"

"முடிஞ்ச காசத்தான் போடணும். பதிலுக்கு வேற தர்றேன்னு யார்னா கேட்டா நீங்க உட்டுக் குடுப்பீங்களா?"

விட்டுக்கொடுத்ததில்லை. நாற்பது பேர் இருக்கும் குழுவில் இவர் மாதிரி பதிலுக்கு வாங்க மறுப்பவர் கிடையாது. வேறு வழி பார்த்தார். முடிச்சுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். துணி மட்டும் பிரகாசித்தது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். துணியின் நெசவு அழகாகப் பதிந்தது. பேத்திக்கு ஊசி போடப் போனபோது, பக்கத்தில் இருந்த எக்ஸ்ரே கடைக்காரரிடம் முடிச்சை மெல்ல நீட்டினார்.

"இதுக்கு இன்னா சார், எலும்பு எதுனா முறிஞ்சிக்கிச்சா?" என்றார் அவர்.

அன்று நிர்மலா முடிச்சைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பாக்கெட்ட பிரிச்சா மதிப்பு பூடும்னு ஊருக்கே சொன்னீங்களே? நானும் அதத்தான் சொல்றேன். உங்குளுது பாக்கெட்டு, என்னுது முடிச்சு."

வேதம் கட்சி மாறிவிட்டது.

குழுவோ விடவில்லை. "போட்டோ போடுங்க", "போட்டோ எங்கே", "எம்மை டைமண்டுன்னு பார்த்துட்டாரு போல" என்று தினமும் வந்துகொண்டிருந்தது. காசு கிடைக்காதவர்களுக்குத்தான் எவ்வளவு நேரம் கிடைக்கிறது! காசிநாதன் "பொறுங்க" என்று மட்டும் போட்டார். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஜாபர்தான் கண்காட்சிக்குப் பொறுப்பாளர். இதே இனம், இன்னும் முற்றிய நிலை. செருப்பு வாங்க வருகிறவர்கள் கொடுக்கும் சில்லறையைப் பார்த்துவிட்டுத்தான் கால் அளவைப் பார்ப்பார். காசிநாதன் அவர் கடையில் போய் உட்கார்ந்தார்.

"பாய், எம்மா இருந்தா என் மானம் போச்சு. கண்காட்சிக்கு இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

ஜாபர் ஒரு செருப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். "அண்ணே, பாத்தீங்களா நீங்க?"

"இல்லியே."

"பாக்காத வரைக்கும் அது டைமண்டுதான். பாத்தா எம்மா ஆனாலும் ஆயிடும். எதுக்கு வம்பு?"

காசிநாதன் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அவ்வளவு யோசனை.

பேத்திக்குத் தலை நின்றதும் மலைக்குக் கிளம்பினார்கள். மலைக்காற்று வாங்கும்படி டாக்டர் சொன்னதாகச் சொல்லி ஜாபரும் தன் வேனையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளிமலை தாண்டி, ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அவருடைய சட்டைப்பையில் லென்ஸ். காசிநாதனுடைய சட்டைப்பையிலும் லென்ஸ்.

பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டு நிர்மலாவின் கையில் இருந்த முடிச்சைப் பார்த்தார். "அவுத்துக் காச மட்டும் போட்டாலும் சரி, முடிச்சோட போட்டாலும் சரி. அம்மாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நிர்மலா கணவரைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்த மனிதர் தூங்காமல் புரண்டதெல்லாம் அவளுக்கும் தெரியும். எழில்மதி மடியில் குழந்தை சிரித்தது. நிர்மலாவுக்கு மனசு இளகிவிட்டது.

"இந்தாங்க. பூசாரியே சொல்லிட்டாரு. அவுத்துப் பாத்துட்டுப் போடுங்க."

காசிநாதன் முடிச்சை வாங்கினார். கையுறை இல்லை. வெறும் விரலுக்குத் துணி வழியாகக் காசின் விளிம்பு தெரிந்தது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான் பாக்கி. ஆண்டு, அதற்குக் கீழே ஒரு குறி. அவருடைய கை சட்டைப்பைவரை போய், லென்ஸைத் தொட்டு, திரும்பி வந்தது.

"முடிச்சோடவே போடுங்க சாமி."

முடிச்சு உண்டியலில் விழுந்தது. நிர்மலாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பக்திமானையா இத்தனை நாள் திட்டினோம் என்று எழில்மதியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். நாம் அந்த நல்ல மனசைக் கெடுக்க வேண்டாம்.

பலா மரத்தடியில் ஜாபர் எழுந்து நின்றார். "பாத்தீங்களாண்ணே?"

"இல்ல பாய்."

"அப்ப டைமண்டுதான்."

"டைமண்டேதான்."

இருவரும் திருப்தியாகப் பலாச்சுளை வாங்கித் தின்றார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாலு பத்திக்கு முன்னால் எழுந்துபோய்ச் சட்டைப்பையில் இருந்த ரூபாயை எடுத்து ஆண்டுக்குக் கீழே பார்த்தீர்களே, அதை நாங்கள் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காசு இல்லாவிட்டாலும், பிரித்தால் எம் ஆகிவிடுமோ என்று பயந்து நீங்கள் பத்திரமாக மூடி வைத்திருக்கும் பொட்டலம் ஒன்று வீட்டில் இருக்குமே, அதைப் பற்றியும் கேட்கப்போவதில்லை.

கண்காட்சி அன்று காலையில் கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்து வாசலில் காசிநாதன் தட்டைக் கொண்டுவந்தார். கறுப்பு பஞ்சு அட்டை. குழிகள் எல்லாம் வட்டம் பிசகாமல், இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். எல்லாவற்றிலும் காசுகள் மின்னின, நடுவில் இருந்த ஒன்றைத் தவிர. அந்தக் காலிக் குழிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு சீட்டு: "ஒரு ரூபாய், புரூஃப், மும்பை, டைமண்டு குறி. தற்போது அம்மன் வசம்." குழுவினர் மற்ற காசுகளைத் திரும்பியும் பார்க்காமல் அதைச் சுற்றி முண்டியடித்தார்கள். ஒருவர் உண்டியல் எப்போது திறப்பார்கள் என்று விசாரித்தார்.

காசிநாதன் ஓரங்களைப் பிடித்துத் தட்டை நீட்டினார். ஜாபர் கையுறை மாட்டிக்கொண்டு, ஓரங்களைப் பிடித்து வாங்கி மேஜைமேல் வைத்து, லென்ஸை எடுத்துக் காலிக் குழிக்குள் குனிந்தார்.

"ஆகா" என்றார்.