போர்வை போர்த்திய ஸ்கோர்போர்டு

"உங்களை ஜெயிச்சா எங்களுக்கு என்ன கிடைக்கும், ரோண்டா? ஒண்ணும் கிடைக்காது. அதைத்தான் காலையிலேர்ந்து—"

"ஜெயிச்சாத்தானே வெண்டெல்? தோத்துட்டா—"

"தோத்துட்டா மானம் போகும். ஜெயிச்சா தரம் போகும். இதுல நான் எதுக்குன்னு உங்களோட ஆடக் கையெழுத்துப் போடறது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கோம். பாலத்தைத் தாண்டினா உங்க மைதானம். நடந்துகூட—"

"பாலம் பிரச்சினையே இல்ல. அட்டவணை வலிமைதான் பிரச்சினை."

நியாயம் என்று ஒன்று இந்தப் பூமியில் குடியிருக்குமானால், அது அயோவா மாநிலத்தில், எங்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இரண்டாம் மாடியில், காப்பி மெஷினுக்கு அடுத்த அறையில்தான் குடியிருக்கிறது. அதைக் காவல் காப்பவர் இயக்குநர் வெண்டெல் ஹாக். அவருடைய செயலாளர் லொரெய்ன், அதாவது நான். கதவு எப்போதும் திறந்தே இருப்பதால், நியாயம் பேசுவதெல்லாம் என் மேஜைக்குக் கேட்கும்.

பெண்கள் கூடைப்பந்தில், எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று கேட்பது பாமரர் வழக்கம். யாரோடு ஆடினாய் என்று கேட்பது விவரம் தெரிந்தவர் வழக்கம். பலசாலி அணிகளோடு ஆடினால் உன் அட்டவணை பலமானது. நோஞ்சான் அணிகளோடு ஆடினால் அட்டவணையும் நோஞ்சான். மார்ச் மாதம் தேசியப் போட்டிக்கு அணிகளைப் பொறுக்கும்போது, தேர்வுக் குழு இதைத்தான் நிறுத்துப் பார்க்கிறது.

ரோண்டா, செயின்ட் ஒடீலியா கல்லூரியின் கோச். சின்னக் கல்லூரி. தேசியப் போட்டியை அவர்கள் டிவியில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"போன வருஷம் இருபத்தாறு ஆட்டம் ஜெயிச்சோம் வெண்டெல். 'யாரோடம்மா ஆடினீங்க'ன்னு கேட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பெரிய அணியோட ஒரே ஒரு ஆட்டம் குடு. ஜோலீனுக்கு இது கடைசி வருஷம்."

ஜோலீன் ட்வோராக். 'உயரம் போதாது' என்று எங்கள் அலுவலகம் கைவிட்ட பெண். ஆற்றைத் தாண்டிப் போய் அங்கே சேர்ந்துகொண்டாள்.

"நீங்க பலமான அணி ஆனதும் வா, பேசலாம்."

"பலமான அணியோட ஆடினாத்தானே பலமான அணின்னு ஒத்துக்கறீங்க?"

"கரெக்ட். போய் ஆடுங்க."

"யாரோட?"

"பலமான அணியோட."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்."

"நாங்க பலமில்லாத அணியோட ஆடறதில்ல."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள். வட்டமான பொருளில் மூலை கிடைக்குமா என்ன?

அக்டோபரில் எங்கள் கோச் டார்சி வந்து நின்றாள்.

"சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி நல்ல டீமோட ஒரு தடவை மோதிப் பாத்துக்கணும் வெண்டெல்."

"எந்த டீம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

வெண்டெல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். இத்தகைய சிக்கலுக்கென்றே எங்கள் கல்லூரிகளில் ஒரு மரபு உண்டு: கதவடைத்த ஆட்டம். பார்வையாளர் கிடையாது, பத்திரிகைக்காரர் கிடையாது, புள்ளிகள் எந்தக் கணக்கிலும் சேராது. நடந்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது. அதாவது, நடந்தாலும் நடக்காத ஆட்டம்.

ரோண்டாவைக் கூப்பிட்டார்.

"நாங்க நல்லா ஆடினா, ஜனவரியில நிஜ ஆட்டம் குடுப்பியா?" என்றாள் அவள்.

"நல்லா ஆடினா கண்டிப்பா யோசிக்கலாம்."

கதவுக் கண்ணாடியில் நானே பழைய பேப்பரை ஒட்டினேன். காட்டெருமை எங்கள் அணியின் சின்னம். அந்தப் படம் போட்ட போர்வையை ஸ்கோர்போர்டின் மேல் போர்த்தினோம். கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் கௌரவமும் எனக்கே கிடைத்தது. ஒரே ஒரு சின்னக் குறை. போர்த்திய அவசரத்தில் போர்டின் விளக்கை அணைக்க மறந்துவிட்டோம்.

"லொரெய்ன், போர்வைக்குப் பின்னாடி அது எரியுதா?"

"லேசாத் தெரியுது வெண்டெல்."

"எவ்வளவு?"

"பத்தொன்பது."

"பத்தொன்பதுதான் போட்டிருக்கோமா?"

"அது வித்தியாசம்."

"யாரு முன்னாடி?"

"இன்னொரு போர்வை கொண்டு வரட்டுமா?"

கொண்டு வந்தேன். இரண்டாவது போர்வை போட்ட பிறகு எல்லாருக்கும் மனசு லேசானது. ஜோலீன் எட்டத்திலிருந்து எறிந்த பந்துகள் வலையில் விழுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தத்துக்குப் போர்வை கிடையாது.

முடிந்ததும் ரோண்டா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன வெண்டெல், நல்லா ஆடினோமா?"

"ரொம்ப நல்லா ஆடினீங்க."

"அப்ப ஜனவரி?"

"நல்லா ஆடினா யோசிக்கலாம்னு சொன்னேன். நீங்க ரொம்ப நல்லா ஆடிட்டீங்க."

சீசன் தொடங்கியது. நாங்கள் பெரிய பெரிய அணிகளைத் தேடிப் போய் 'தரமான தோல்விகள்' சம்பாதித்தோம். தெற்கே ஒரு ஊரில் நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கிய மறுநாள், வெண்டெல் அலுவலகத்துக்கே கோலாச்சே என்கிற இனிப்பு பன் வாங்கி வந்தார். செர்ரிப் பழம் வைத்தது.

"அட்டவணை வலிமையில ஆறு இடம் ஏறியிருக்கோம். எடுத்துக்கோ டார்சி."

"பொண்ணுங்க பஸ்ல அழுதுக்கிட்டே வந்தாங்க, வெண்டெல்."

"அழட்டும். யாருகிட்ட அழுதாங்க? பலமான அணிகிட்ட. அதுதான் முக்கியம்."

இப்படிப் பதினேழு வெற்றி, பதின்மூன்று தரமான தோல்வி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருபத்தெட்டு வெற்றி. ஆனால் தங்கள் லீக் இறுதியாட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டார்கள். ஜெயித்திருந்தால் தேசியப் போட்டிக்கு யார் தயவும் வேண்டியதில்லை. தோற்றதால், தேர்வுக் குழு பார்த்து இடம் கொடுத்தால்தான் உண்டு.

அந்தக் குழுவில் வெண்டெலும் ஓர் உறுப்பினர்.

அவருடைய நேர்மையை இங்கே சொல்லாவிட்டால் என் பேனாவுக்கே அடுக்காது. எங்கள் அணியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் எழுந்து அறையைவிட்டு வெளியே போய்விட்டார். குழுவின் விதி அது: சொந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது உறுப்பினர் உள்ளே இருக்கக் கூடாது. நடைபாதையில் நின்று ஒரு டோனட் சாப்பிட்டார். எங்கள் அணிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கூப்பிட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அடுத்ததாக செயின்ட் ஒடீலியாவின் பெயர் வந்தது. அது அவருடைய கல்லூரி இல்லையே, எதற்கு எழுந்து போக வேண்டும்?

"என்ன சொன்னீங்க அங்க?" என்று திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"உண்மையைச் சொன்னேன். நல்ல பொண்ணுங்க. உழைப்பாளிங்க. ஆனா யாரோட ஆடினாங்கன்னு கேட்டேன்."

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"எப்படிச் சொல்வாங்க? காகிதத்துல ஒண்ணுமே இல்லையே."

ஒடீலியாவுக்கு இடமில்லை.

எங்கள் ஊர் வணிகர் சங்கம் வருஷா வருஷம் இரண்டு கல்லூரிப் பெண்களுக்கும் சேர்த்து ஒரு மதிய விருந்து வைக்கும். இந்த வருஷமும் வைத்தார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச், இனிப்புச் சோளம், காட்டெருமைத் தொப்பி போட்ட கடைக்காரர்கள். எங்கள் பெண்களுக்குக் கைதட்டல். அந்தப் பெண்களுக்கு அனுதாபம். யாரோ ஒருவர், ஒடீலியாவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டுவிட, வெண்டெல் மைக்கைப் பிடித்தார்.

"என் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டுதுன்னு எனக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு ஆட்டம் ஜெயிச்சாங்க, வாஸ்தவம். ஆனா பலமான அணி ஒண்ணோட, ஒரே ஒண்ணோடயாவது, மோதினாங்களா?"

ஜோலீன் எழுந்தாள். ரோண்டா அவள் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"உக்காரு கண்ணு. சாப்பிடு."

"ஒரு வார்த்தைதான் கோச்." அவள் மேடையைப் பார்த்தாள். "ஒரு அணியோட மோதினோம், மிஸ்டர் ஹாக்."

"அப்படியா? எனக்குத் தெரிஞ்சு உங்க அட்டவணையில—"

"அட்டவணையில இருக்காது. வெளிய சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கோம். அதனால பேரைச் சொல்ல மாட்டேன். கதவு பூட்டியிருந்துச்சு. ஸ்கோர்போர்டு மேல காட்டெருமை படம் போட்ட போர்வை இருந்துச்சு. அப்புறம் அது மேல இன்னொரு போர்வை."

கடைக்காரர்கள் ஒருவர் தொப்பியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் டார்சி தட்டிலிருந்த சோளத்தை முத்து முத்தாக எண்ணுவதுபோலக் குனிந்திருந்தாள். சாவி பத்திரமாக இருக்கிறதா என்று நான் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பேரு எதுக்கு, விடுங்க," என்றாள் ஜோலீன். "எங்ககிட்ட தோத்த அந்த அணி பலமானதா, பலவீனமானதா? அதை மட்டும் உங்க வாயாலயே சொல்லிடுங்க, மிஸ்டர் ஹாக்."