தலையணைக்கு அடியில் பத்து சென்ட்

வராச்சா ரோடு, சூரத்
உத்தராயணம் கழிந்த சனிக்கிழமை

அம்மாவின் அக்காவான காஞ்சன் மாசியின் பாதங்களை வணங்கி ரிங்கல் எழுதுவது. ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் ரண்சோட் மாசாவும் எருமைகளும் நலமா?

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எங்கள் வீட்டு போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் மாசா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பாதி ஊர் கேட்கும். அதோடு போனில் எனக்கு ‘ம்’ தவிர வேறு எதுவும் வராது என்பது உங்களுக்கே தெரியும்.

முப்பது வருஷமாக மூக்கில் கண்ணாடிக்கல் போட்டிருந்தீர்கள். இந்த வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்ததும், வைர மூக்குத்தி போட வேண்டும் என்று பணம் அனுப்பினீர்கள். “மண்ணுக்குள்ளருந்து வந்த கல்லா இருக்கணும், மெஷின்ல பொறந்தது வேணாம், பர்சோத்தம் தன் கண்ணால பாத்து எடுக்கணும்” என்று அப்பா பேரைச் சொல்லியே கேட்டீர்கள். நீங்கள் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பீர்கள். இங்கே அது எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அப்பா வேலை பார்த்த வைரப் பட்டறை தீபாவளி லீவுக்குப் பூட்டியது, இன்னும் திறக்கவில்லை. மெஷினில் விளைகிற கல் பாதி விலைக்கும் கீழே வந்ததால் முதலாளி பூட்டைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இருபத்தாறு வருஷம் பட்டை தீட்டிய அப்பா வாசலில் உட்கார்ந்து ஸ்கூட்டர்களை எண்ணிக்கொண்டிருந்தார், சவரம் செய்வதையும் விட்டுவிட்டார். பட்டறையில் அப்பாவுக்குப் பக்கத்துச் சாணைச் சக்கரத்தில் உட்கார்ந்த தீருபாய் இப்போது தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கிறார், அப்பாவைக் கண்டால் சும்மாவே அரைக் கிலோ கொடுக்கிறார், அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. உங்கள் போன் வந்த மறுநாள் அப்பா சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். வெங்காயம் என்று சொன்னாள், அன்றைக்கு வெங்காயமே போடாத கிச்சடிதான்.

வாங்கப் போகிற கல்லின் பொட்டலத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள என்னையும் மஹிதர்புரா வைரச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருவெல்லாம் தரகர்கள், ஸ்கூட்டர் சீட்டில் வெள்ளைக் காகிதத்தை விரித்துக் கல் காட்டுகிறார்கள். அப்பா வடக்கு வெளிச்சம் வேண்டும் என்று மூன்று தடவை இடம் மாறினார், வெயிலில் எல்லாக் கல்லும் பொய் சொல்லும் என்றார். ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ஒன்றில் புள்ளி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீரோட்டம் இல்லை, ஒன்றில் காகபாதம். மூன்று மணி நேரம் ஆயிற்று. தரகர் லவ்ஜிபாய் உள்ளங்கையில் புகையிலையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், “ஏன் பர்சோத்தம் பாய், என்ன மருமகளா பாக்குறீங்க, இத்தன தடவ திருப்பித் திருப்பி?”

“மருமகள்னா ஒரு தடவ பாத்தா போதும்யா, குத்தம் இருந்தா அவளே வாயத் தெறந்து காட்டிடுவா. கல்லு பேசாது.”

“உங்க பொண்ணும்தான் பேசல. காலைலருந்து ஒரு சத்தத்தக் காணோம்.”

நாற்பத்தி இரண்டாவது கல்லில் அப்பா நிறுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எடை பத்து சென்ட், அதாவது காரட்டில் பத்தில் ஒரு பங்கு, வெள்ளை, எந்தக் குறையும் இல்லை. “ரிங்கல், நீயும் பாரு” என்றார். வீட்டில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை மாசி. நான் குனிந்தேன். லவ்ஜிபாய் அதே நேரம் புகையிலையைத் தட்டினார். அன்று முழுவதும் என்னிடமிருந்து வந்த ஒரே சத்தம் தும்மல்தான். நிமிர்ந்து பார்த்தால் காகிதத்தில் கல் இல்லை.

“கல்லு! யாரும் காலத் தூக்காதீங்க!” என்று லவ்ஜிபாய் கத்தினார். தெருவே நின்றுவிட்டது. ஒருவர் ஸ்கூட்டரில் ஏறப் போனவர் ஒற்றைக்காலில் அப்படியே நின்றார். ஒரு பசு மட்டும் கேட்கவில்லை, எங்கள் நடுவில் நிதானமாக நடந்துபோனது, அது போன பாதையையும் ஒருவர் தேடினார். எல்லோரும் மண்டியிட்டுத் தரையைத் தடவினோம். எனக்குத் தரையே பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கடைசியில் ஒரு ஸ்கூட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்பா ஈரவிரலை ஒற்றி எடுத்தார். ஒரு நொடி பார்த்தார். “இதுதான்.”

“எப்பிடிச் சொல்றீங்க? இந்தத் தெருவக் கூட்டினா முறம் முறமா கல்லு வரும்” என்றார் லவ்ஜிபாய்.

“திருவிழாவுல புள்ளையத் தொலச்சுத் தேடிப் புடிச்சா, அதுகிட்டப் பேரு கேப்பியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வாங்கிவிட்டார். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் லவ்ஜிபாயின் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் கல் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு சோதனை மெஷின் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்த கல் என்றால் நீல விளக்கு, மெஷினில் செய்தது என்றால் சிவப்பு. வியாழக்கிழமை எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, அப்பாவுக்குத் தெரியாமல் டிபன் டப்பாவில் கொண்டுபோன கல்லை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. மகாதேவரை நினைத்துக்கொண்டு வைத்தேன். சிவப்பு.

அதாவது மாசி, என் தும்மலில் நல்ல கல் பறந்துபோய், எதனால் பட்டறை மூடினதோ அதையே அப்பா பொறுக்கி எடுத்துப் ‘புள்ள’ என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வேன்? இந்த வாரமெல்லாம் அவர் ரெண்டு கம்பு ரோட்லா கூடுதலாகச் சாப்பிடுகிறார். “கை நடுங்கலாம், கண்ணு நடுங்கல” என்று தீருபாயிடம் சொல்லி, வெங்காயத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். வேறு யாரோ கல் பார்த்துத் தரச் சொன்னதாகத் தினமும் மார்க்கெட் போகிறார். யாரும் சொல்லவில்லை, சும்மாதான் போகிறார். கல்லை நேற்று, ஊருக்கு ஊர் நகை கொண்டுபோகும் ஆங்காடியாக்காரர் கையில் உங்களுக்கு அனுப்பியாயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரே ஒரு வழி இருக்கு மாசி. ராசி பாக்க, பூர்ணிமையிலருந்து மூணு ராத்திரி தலையணைக்கு அடியில வெச்சுப் பாத்துட்டுத்தான் தட்டார்கிட்டக் குடுப்பீங்கன்னு அப்பா சொன்னார். உங்களுக்குக் கெட்ட கனவு வந்திருச்சுன்னு சொல்லிடுங்க. கல்லு போலின்னா அப்பா செத்துடுவார். கல்லு நல்லது, ஆனா உங்களுக்கு ராசியில்லன்னா, அது விதி, அப்பா கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. கனவு ரொம்பப் பெரிசா வேண்டாம், மாசா பூசாரியக் கூப்பிட்டுச் செலவு வெச்சிருவார். எரும ஒதைச்ச மாதிரின்னு சொல்லுங்க போதும். இல்ல, கெணறு வத்தின மாதிரி. ரெண்டையும் சேத்துச் சொல்லாதீங்க. கல்ல லவ்ஜிபாய்கிட்டத் திருப்பிக் குடுத்தப்புறம் அவர் அத மெஷின்ல வெச்சா என்ன ஆகும்னு நான் இன்னும் யோசிக்கல. நான் எட்டாவதுதான படிச்சேன்.

முப்பது வருஷம் காத்திருந்த உங்களுக்கு என் மூக்கால் இப்படி ஆயிற்று. மன்னித்து ஆசீர்வதியுங்கள். மாசாவுக்கு என் வணக்கம். அம்மா உங்களை நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்கிறாள், இந்தச் சமயத்தில் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் பாவப்பட்ட
ரிங்கல்

பி.கு. திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாகப் போயிற்று. இன்று காலை எங்கள் சூப்பர்வைசர் ஜிதுபாய் விளையாட்டாக, மாமனார் போட்ட தன் கல்யாண வைர மோதிரத்தை மெஷினில் வைத்தார். சிவப்பு. மத்தியானம் வரை மாமனாரைத் திட்டிக்கொண்டிருந்தார், சாப்பிடவும் இல்லை. பிறகு சந்தேகம் வந்து, மெஷினைச் சோதிப்பதற்கென்றே பெட்டியில் வைத்திருக்கிற, மண்ணிலிருந்து வந்த பழைய கல்லை வைத்தார். அதுவும் சிவப்பு. மெஷின் புதன்கிழமையிலிருந்தே கெட்டுப்போய் எல்லாவற்றுக்கும் சிவப்பு காட்டியிருக்கிறது. மெக்கானிக் வந்து எதையோ துடைத்தார், இப்போது நீலம் வருகிறது. ஆனால் நம் கல் உங்களிடம் போய்விட்டது, இனிமேல் அதற்கு அப்பாவின் கண் ஒன்றுதான் சாட்சி. நான் அந்தக் கண்ணை விட்டுவிட்டு ஒரு விளக்கை நம்பினேன், அதையும் அவரிடம் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதியதே இல்லை மாசி, கிழிக்க மனசு வரவில்லை. மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்குங்கள். அப்படியும் நிஜமாகவே எருமை உதைக்கிற மாதிரி கனவு வந்தால், தயவுசெய்து யாரிடமும் சொல்லாமல் மூக்குத்தியைப் போட்டுக்கொள்ளுங்கள்.